25.3 மில்லி செகண்டில் ஒரு சுவர்

கமாலுதீன் திரையில் அந்தக் கோட்டை வழக்கம்போலப் பதினொன்றில் வைத்து வெட்டியிருந்தால் இதில் எழுத எதுவும் இருந்திருக்காது. ஸ்பீக்கர் பெட்டி செய்கிற யாராக இருந்தாலும் வெட்டித்தான் இருப்பார்கள். அது தப்பும் அல்ல. அந்தத் தொழிலில் அதுதான் முறை.

விருதுநகர் மெயின் பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பத்தடிக்கு எட்டடியில் அவருடைய கடை இருந்தது. அவர் பிறந்தது 1947 ஜூலையில். குடும்பத்துக்கு மல்லி, வத்தல் வியாபாரம். அண்ணன்கள் இருவரும் மண்டியில் உட்கார்ந்தபோது இவர் மட்டும் தபால் வழியில் ரேடியோ படித்து 1971-ல் கடையைத் திறந்தார். முதலில் வால்வு ரேடியோ, பிறகு கல்யாண வீடுகளுக்கு மைக் செட், பிறகு டேப் ரிக்கார்டர் பழுது. ஸ்பீக்கர் பெட்டிக்கு வரும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஒரு நல்ல பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். பெரியது கனத்த ஒலிக்கு, சின்னது கீச்சு ஒலிக்கு. எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பலகை. செப்புக் கம்பிச் சுருள், கண்டென்சர், ரெசிஸ்டர் இவை மட்டும்தான் அதில் இருக்கும். அதன் பெயர் கிராஸ்ஓவர். கமாலுதீன் சுருளைத் தன் கையாலேயே சுற்றுவார். சிவகாசியில் ராக்கெட் பட்டாசுக்கு உருட்டுகிற தடித்த காகிதக் குழாய்தான் அவருக்கு உருளை. முன்பெல்லாம் ஒரு சுருள் சுற்றி, பற்றவைத்து, கேட்டுப் பார்த்து, சரியில்லை என்று பத்துச் சுற்றைப் பிரித்து மறுபடி கேட்பார். ஒரு பெட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்.

2004-ல் அவருடைய மருமகன் துபாயிலிருந்து ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்தார். கமாலுதீன் பிரவுசிங் சென்டரில் சொல்லி, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைச் சி.டி.யில் எழுதி வாங்கி அதில் ஏற்றிக்கொண்டார். ஸ்பீக்கரை ஒருமுறை மைக் வைத்து அளந்து உள்ளே கொடுத்துவிட்டால் போதும். சுருளின் மதிப்பை மாற்றினால் திரையில் கோடு மாறும். கம்பியைத் தொடாமலே நூறு கிராஸ்ஓவர் செய்து பார்க்கலாம். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டை மறந்துவிட்டார் என்று அவர் மனைவி ஆசியா பீவி என் வீட்டில் வந்து சொன்னார்.

என் வீடு கடைக்கு எதிரில். நான் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். அளவு எடுக்கும்போது எண்களை எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கமாலுதீன் கேட்டார். அதற்குத்தான் நான் போனேன். கீழே வரும் எண்கள் அன்றன்று அந்த இடத்திலேயே எழுதியவை.

2005 மார்ச்சில் மணிகண்டராஜ் என்ற பட்டாசுக் கம்பெனி முதலாளி கடைக்கு வந்தார். வயது முப்பத்துநாலு. புது வீட்டுக் கூடத்தில் வைக்க ஒரு ஜோடிப் பெட்டி வேண்டும் என்றார். கமாலுதீன் அதுவரை செய்ததிலேயே பெரிய ஆர்டர் அது. அளப்பதற்குத் திறந்தவெளி வேண்டும் என்று இவர் சொன்னார்.

"ஏன் பாய், இங்கனயே அளக்கக் கூடாதா?"

"இங்கன அளந்தா எங்கடைச் சுவரையும் சேத்துல்லா அளக்கும். உங்க புது வீட்டுக்கு எங்கடைச் சுவரையுமா கொண்டு போகப் போறீக?"

மணிகண்டராஜ் சிரித்தார். "சாத்தூர் ரோட்டுல எங்க அப்பாவோட பழைய கம்பெனி எடம் சும்மாதான் கெடக்கு. செட்டெல்லாம் இடிச்சு நாலு வருசமாச்சு. ஒம்பது ஏக்கரு. ஒரு மரம் கூடக் கெடையாது. போய் எம்புட்டு வேணும்னாலும் அளந்துக்கோங்க."

அந்த இடம் எனக்குத் தெரியும். 1998 பிப்ரவரியில் நானே அளந்து வரைபடம் போட்டது. வெடிமருந்து கலப்பதற்கும் வெடி கட்டுவதற்குமாகச் செட் எனப்படும் சின்னக் கட்டடங்கள் பதினொன்று, ஒன்றுக்கொன்று விதிப்படி இடைவெளி விட்டு நின்றன.

2005 மே 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்குப் போனோம். காற்று எழுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஞாயிறு என்றால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளும் ஓடாது, சத்தம் இருக்காது. கேட்டைத் திறந்துவிட்டது பொன்னுத்தங்கம் என்ற பெண். நாற்பது வயது இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரே அறையில் மகளோடு இருந்தார். நாலைந்து ஆடுகள் வைத்திருந்தார்.

"காலி எடத்துக்கு எதுக்கு தாயி காவலு?" என்று கமாலுதீன் கேட்டார்.

"அதைப் பெரிய மொதலாளிகிட்டல்லா கேக்கணும். அவுக செத்து மூணு வருசமாச்சு. நீங்க அங்கன போறப்பக் கேட்டுட்டு வாங்க."

"நான் இப்பம் போறதா இல்ல" என்றார் கமாலுதீன். பொன்னுத்தங்கம் சிரித்தார். பிறகு எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தபோது தானாகவே சொன்னார்.

அவர் கணவர் பெயர் சுடலை. அதே கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். 1999 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி சீசன் என்பதால் லீவு நாளிலும் வரச்சொல்லியிருந்தார்கள். காலையில் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போனார். பதினோரு மணி வாக்கில் ஊர்வரைக்கும் ஒரு சத்தம் கேட்டது. இவர் ஓடி வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. கழிவு மருந்தை எரித்தோம், சேதம் எதுவும் இல்லை என்றார்கள். மறுநாள் வந்து பார்த்த போலீசார் செட்டுகளை எண்ணினார்கள். பதினொன்றும் முழுசாக நின்றன. சுடலை அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சனிக்கிழமையே ஓடிவிட்டார் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பெரிய முதலாளி தானாகவே கூப்பிட்டு இந்தக் காவல் வேலையைக் கொடுத்தார்.

"மவளுக்கு மாப்பிள்ளை எடம் ரெண்டு வந்துச்சு" என்றார் பொன்னுத்தங்கம். "அப்பன் எங்கன்னு கேக்காக. செத்துட்டாகன்னு சொல்ல வாய் வரலை. ஓடிட்டாகன்னு சொல்லவும் வரலை. ரெண்டுல ஏதாவது ஒண்ணு உறுதியாத் தெரிஞ்சாப் போதும்யா. நான் வேற ஒண்ணும் கேக்கலை."

நெற்றியில் குங்குமம் இருந்தது. மஞ்சள் கயிறு புதிதாக மாற்றியது போல இருந்தது.

நாங்கள் நிலத்தின் நடுவில் சாரக்கட்டைகளைக் கட்டி, இரண்டரை மீட்டர் உயரத்தில் பெட்டியை வைத்தோம். பெட்டி வடக்கே பார்த்து நின்றது; அதற்கு முன்னால் சரியாக ஒரு மீட்டரில் மைக். பேனா மூடியைவிடச் சின்னது அது. வேனுக்குள் லேப்டாப்பும் கார் பேட்டரியும். மென்பொருள் சொன்னதும் பெட்டி ஒரு சின்னச் சீறல் விடும். அதைக் கேட்டு மைக் அனுப்புவதைக் கணினி ஒரு படமாக வரையும். நேராக மைக்குக்கு வந்த ஒலி முதலில் ஓர் உயர்ந்த முள்ளாக நிற்கும். அதன் பிறகு எங்கேயாவது பட்டுத் திரும்பி வந்த ஒலி, எவ்வளவு தாமதமாக வந்ததோ அந்த இடத்தில் சின்ன மேடாக நிற்கும். தாமதத்தை மில்லி செகண்டில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளப்பார்கள்.

அன்று வெப்பம் 28 டிகிரி. அந்த வெப்பத்தில் ஒலி நொடிக்கு 348 மீட்டர் போகும். தரையில் பட்டுத் திரும்புவது 11.8 மில்லி செகண்டில் வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தேன். 11.8-லேயே வந்தது. கமாலுதீனுக்கு ஒரே சந்தோஷம். தரை மேட்டுக்கு முன்னால், பதினொன்றில் ஒரு கோடு வைத்து, அதற்குப் பின்னால் வருவதை எல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிடச் சொல்லலாம். மென்பொருளில் அதற்கு இடம் உண்டு. அவர் அதை 'வெட்டு' என்பார். வெட்டினால் ஸ்பீக்கரின் சொந்த ஒலி மட்டும் மிஞ்சும்.

வெட்டுவதற்கு முன்னால் அவர் கை நின்றது.

"சார், இது என்ன?"

25.3-ல் இன்னொரு மேடு.

வயர்களை ஆட்டிப் பார்த்தார். மைக்கை மாற்றினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ஆறு முறை அளந்தோம். ஆறு முறையும் 25.3.

"கணக்குப் போடுங்க சார்."

போட்டேன். "மைக்குக்குப் பின்னால, வடக்கே, 4.4 மீட்டர்ல ஒரு சுவர் இருக்கணும்."

இருவரும் வடக்கே பார்த்தோம். புல் மட்டும்தான் நின்றது.

"சர்வேயர் சார், இங்கன சுவர் இருக்கா?"

"இல்லை."

"கணக்குப்படி?"

"இருக்கு."

"நல்ல சர்வேயரு" என்றார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கருவியில் கோளாறு என்றால் இடம் மாற்றினாலும் எண் மாறாது. அதனால் சாரத்தை அவிழ்த்து இரண்டு மீட்டர் தெற்கே தள்ளிக் கட்டினோம். சுவர் ஒன்று இருந்திருந்தால் 36.8 வர வேண்டும். 36.8 வந்தது. முதல் இடத்திலிருந்து வடக்கே இரண்டு மீட்டர் நகர்த்தினோம். 13.8 வர வேண்டும். வந்தது. கையைத் தட்டிப் பார்த்தோம், கூப்பிட்டுப் பார்த்தோம். எங்கள் காதுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. மைக்குக்கு மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்து 1998 வரைபடத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மிக அருகில் இருந்தது ஏழாம் எண் செட், அதுவும் 31 மீட்டர் தள்ளி. இடித்துத் தள்ளிய பதினொரு செட்டில் எதுவும் எங்கள் மைக்குக்குத் திரும்பி வரவில்லை. என் வரைபடத்தில் இல்லாத ஒன்றுதான் வந்தது.

மே 15, அடுத்த ஞாயிறு. இன்னொரு பெட்டியை அளந்துகொண்டிருந்தபோது மணிகண்டராஜ் காரில் வந்தார். ஆர்வமாகத்தான் வந்தார். மகள் ரோஷினிக்குப் பெட்டியின் மூலை குத்திவிடக் கூடாது, விளிம்பை உருட்டிவிடுங்கள் என்றார். வேனுக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார்.

"இது என்ன பாய், ரெண்டாவதா ஒரு மேடு?"

"அதாம் தம்பி எங்களுக்கும் தெரியலை. ஏதோ சுவத்துல பட்டுத் திரும்பி வருதுன்னு கணக்குச் சொல்லுது."

மணிகண்டராஜ் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்பது ஏக்கரில் அவர் பார்த்தது சரியாக அந்த இடத்தை.

வேன் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அதை வெட்டிருங்க" என்றார்.

"எப்பிடியும் வெட்டத்தான் செய்வேன். பெட்டிக்கு அது தேவையில்ல."

"அப்பம் வெட்டிருங்க பாய். அளந்தது போதும். இனிமே இங்கன வர வேண்டாம்."

காரில் ஏறினார். உடனே கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நாலைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் கமாலுதீன் பதினொன்றில் வெட்டிக் கிராஸ்ஓவரைத் திரையில் போட்டார். அதுவரை அவர் போட்டதிலேயே நேர்த்தியானது அதுதான். ஒரு சோதனை உண்டு. சின்ன ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால், இரண்டு ஸ்பீக்கரும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று அழித்து, கோட்டில் ஒரு பள்ளம் விழ வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குப் பொருத்தம் சரி. 2,400 ஹெர்ட்ஸில் கிணறு போலப் பள்ளம் விழுந்தது. நான் கை கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் சுருள் சுற்ற உட்காரவில்லை. கம்பியும் காகிதக் குழாயும் மேஜை மேல் அப்படியே கிடந்தன. வெட்டை எடுத்துவிட்டு அந்த மேட்டைப் பார்ப்பார். மறுபடி வெட்டுவார். மறுபடி எடுப்பார்.

வியாழக்கிழமை ஆசியா பீவி சோற்றுடன் கடைக்கு வந்தார். நான் இருக்கும்போதே கேட்டார்.

"பத்து நாளா அந்தப் பெட்டிக்குள்ளயே பாத்துட்டு இருக்கீக. யாரு இருக்கா அதுல? எனக்கும் காட்டுங்க, நானும் பாக்கேன்."

கமாலுதீன் எல்லாவற்றையும் சொன்னார். பொன்னுத்தங்கம் சொன்னதையும் சொன்னார்.

ஆசியா பீவி தூக்குவாளியைக் கீழே வைத்தார். "அந்தப் பொம்பளை அஞ்சரை வருசமா நெத்தியில குங்குமத்தை வைக்கவா எடுக்கவான்னு தெரியாம நிக்கா. நீங்க கோட்டை எங்க வைக்கன்னு ரோசனை பண்ணிட்டு இருக்கீகளாக்கும்."

"என்னன்னு போய்ச் சொல்லட்டும்? புல்லுக்குள்ள இருந்து எக்கோ வருதுன்னா?"

"வந்ததைத்தான சொல்லப் போறீக. வராததையா சொல்லுதீக?"

"ஆர்டரு போயிரும் ஆசியா."

"போட்டும். வேற பெட்டியே செய்ய மாட்டீகளா இனிமே?"

மே 22 காலையில் மறுபடி போனோம். பொன்னுத்தங்கம் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்.

"தெறக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காக பாய்."

"அப்பம் நாங்க போயிட்டு..."

"இருங்க. அஞ்சு வருசமா அவுக எங்கிட்டப் பேசினதே இல்ல. பேசின மொத வார்த்தை தெறக்காதங்கிறது. அதான் தெறக்கேன்." பூட்டைத் திறந்துவிட்டார்.

இந்தத் தடவை சாரம் கட்டவில்லை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு, பெட்டியையும் மைக்கையும் அந்த 4.4 மீட்டர் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தோம். கணக்குப்படி சுவருக்கு உள்ளே. பதினைந்து மீட்டர் கேபிள் போட்டிருந்ததால் நாங்கள் இருவரும் வேனுக்குப் பக்கத்திலேயே இருந்தோம். மைக்குக்கு அருகில் ஒருவரும் இல்லை.

சீறல் போனது. திரையில் வந்ததைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். எழுத்து அந்தப் பக்கத்தில் மட்டும் கோணலாக இருக்கிறது. மேட்டுக்கு மேல் மேடு. கமாலுதீனின் கடைக்குள் அளந்தால் வருகிற படம் அதே மாதிரிதான் இருக்கும். தலைக்கு மேல் வானம் இருந்தது, நாலு பக்கமும் வெட்டவெளி. மைக்கோ ஓர் அறைக்குள் இருந்தது.

முக்காலியை நாலு திசைக்கும் திருப்பித் திருப்பி அளந்து, ஒவ்வொரு பக்கமும் எத்தனை தூரம் என்று குறித்தேன். 3.6 மீட்டருக்கு 3 மீட்டர். மருந்து கலக்குகிற செட்டின் அளவு. தெற்குப் பக்கம் நடுவில் 1.2 மீட்டருக்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை. வாசல் அகலம். முளை அடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டேன். போடும்போதுதான் பார்த்தேன், கோட்டுக்கு வெளியே புல்லை ஆடுகள் தரையோடு மேய்ந்திருந்தன. உள்ளே முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது.

சுவர்களின் எண்கள் எத்தனை முறை அளந்தாலும் மாறவில்லை. ஆனால் இன்னொரு சின்ன மேடு இருந்தது. சுவரைவிட மெலிந்தது. முக்காலியை அசைக்காமல் ஐந்து முறை அளந்தோம். அந்த மேட்டின் தூரம் மட்டும் ஐந்து முறையும் வேறு வேறாக இருந்தது. 1.9 மீட்டர். 1.4. 0.8. 0.8. 1.1.

"சுவரு நடக்காது சார்" என்றார் கமாலுதீன். 

பொன்னுத்தங்கம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் அது?"

கமாலுதீன் திரும்பி அவர் முன்னால் போய் நின்றார். "இங்கன ஒரு செட் இருந்திருக்கு தாயி. கணக்குல காட்டாம கட்டினது. பன்னெண்டாவது. வெடிச்சதும் ராவோட ராவா மண்ணைப் போட்டு நெரவிட்டாக போல."

அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "உள்ள ஆளு இருந்தாகளா?"

கமாலுதீன் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"அளவுல இருக்கு தாயி" என்றார் அவர்.

பொன்னுத்தங்கம் செருப்பைக் கழற்றினார். நேராக நடந்தால் பத்துப் பதினைந்து எட்டுதான். அவர் கோட்டைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு தெற்கே போய், வாசல் என்று நான் விட்டிருந்த இடைவெளி வழியாகக் குனிந்து உள்ளே போனார். அந்த மாதிரிச் செட்டுகளின் வாசல்நிலை தாழ்வாக இருக்கும். உள்ளே போய் மேற்கு ஓரத்தில் அசையாமல் நின்றார்.

ஏன் என்று தெரியவில்லை, கமாலுதீன் பொத்தானை அழுத்தினார். மூன்று முறை அளந்தார். பொன்னுத்தங்கம் நின்ற இடத்தில், 1.3 மீட்டரில், புதிதாக ஒரு மேடு. அது அவர். அந்த மெலிந்த மேடு அதற்கு முக்கால் மீட்டர் தள்ளி நின்றது. மூன்று முறையும் அதே இடம். நகரவில்லை.

கமாலுதீன் வயரைப் பிடுங்கினார். "போதும் சார். எழுதாதீக." நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை பொன்னுத்தங்கம் மண்வெட்டி எடுத்தார். யார் அனுமதியும் கேட்கவில்லை. இரண்டு சாண் ஆழத்தில் சிமெண்டு அடித்தளம் தட்டுப்பட்டது. என் சுண்ணாம்புக் கோட்டுக்கும் அதற்கும் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். புதன்கிழமை மேற்கு ஓரத்தில் நசுங்கிய தூக்குவாளி மூடி ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்கு அவர் அண்ணன் சீராகக் கொடுத்தது. பொன்னுத்தங்கம் என்ற பெயரும் வருடமும் மூடியில் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்ததைத் தோண்ட வேண்டாம் என்று கிராம அலுவலர் வந்து நிறுத்தினார். பிறகு போலீசார் வந்தார்கள். எலும்புகள் சோதனைக்குப் போயின. வழக்குப் போட்டார்கள். நவம்பரில் சுடலையின் இறப்புச் சான்று வந்தது. அதில் தேதி 1999 அக்டோபர் 10.

தோண்டிய அன்று மணிகண்டராஜும் வந்திருந்தார். கூட்டத்துக்கு வெளியே நின்ற கமாலுதீனிடம் வந்து மெல்லச் சொன்னார். "வெடிச்ச அன்னிக்கு ராத்திரி மண்ணு தள்ளுற வண்டிக்கு டீசல் வாங்கிட்டு வந்தது நான்தான் பாய். எதுக்குன்னு அப்பாட்ட நான் கேக்கலை." பெட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. இவரும் அதற்குச் சுருள் சுற்றவே இல்லை.

ஆனால் கமாலுதீனால் அந்தப் படத்தை மறக்க முடியவில்லை. புதிதாக எந்தப் பெட்டி செய்தாலும் வெட்டுவதற்கு முன்னால் நூறு மில்லி செகண்டு வரைக்கும் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். கடைக்குள் அளக்கும்போது தன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைக் கவிழ்த்து வைப்பார். கேட்டால், "மைக்குக்கு எடைஞ்சலா யாரும் நிக்கக் கூடாதுல்லா" என்பார். கடையில் எங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

டிசம்பர் முழுவதும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எலும்பை எடுத்து அடக்கம் பண்ணியாச்சு. இப்பம் அங்கன இருக்கா இல்லையான்னு ஒரு தடவை பாக்கணும் சார். ஒரே ஒரு அளவு."

2006 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். பொன்னுத்தங்கம் கேட்டுக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. வழக்கு முடியும்வரை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். கமாலுதீன் வந்த காரியத்தைச் சொன்னார்.

பொன்னுத்தங்கம் பூட்டில் கை வைக்கவில்லை.

"இருக்காகன்னு சொன்னீக. எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணினேன். இனிமே அங்கன என்ன இருக்குன்னு பாத்து உங்களுக்கு என்ன ஆகப்போகுது பாய்?"

"ஒண்ணும் இல்லன்னு வந்தா எனக்கு நிம்மதி தாயி."

"இருக்குன்னு வந்தா?"

கமாலுதீன் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு வேண்டியது தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல அளக்காதீக." உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து கேட்டுக் கம்பி வழியாக நீட்டினார். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கமாலுதீன் அங்கேயே பிரித்தார். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால், தனியாக ஒரு வரியில், தெய்வத்திரு என்று சிவப்பில் அச்சடித்திருந்தது.

"எழுத்து நல்லா இருக்கா பாய்? அதை மட்டும் பெருசாப் போடச் சொன்னேன்."

"நல்லா இருக்கு தாயி."

"வீட்டுல அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அய்யா, நீங்களும் வரணும்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் உள்ளே நடந்தார். குழியை மூடி, மண் போட்டு, தரையை முழுக்கச் சமமாக்கியிருந்தார்கள். முளையும் இல்லை, சுண்ணாம்புக் கோடும் இல்லை. மழை பெய்து எங்கும் ஒரே மாதிரிப் புல் முளைத்திருந்தது. அவர் நேராகப் போகவில்லை. ஓரிடத்தில் வலப்புறம் திரும்பி, மூன்று மீட்டர் போய், இடப்புறம் திரும்பி நடந்தார். ஆடுகளும் அப்படியே திரும்பின.

கமாலுதீன் வேனின் பின்கதவைச் சாத்தினார். லேப்டாப்பை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் ரேடியோவைக் கூடப் போடவில்லை.